வங்கிச் செயலி எழுதும் மகனும் குழுவின் பேரேடும்

அன்புள்ள அம்மா,

சென்ற வாரம் மஞ்சக்குப்பத்துக்கு வந்தபோது மகனை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. “மூன்று மாதமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வங்கிக்கு ஆப் செய்கிறேன் என்கிறான். கல்லூரியில் வந்து தேர்ந்தெடுத்த கம்பெனி வேலையையும் வேண்டாம் என்கிறான்.” உங்கள் பயம் நியாயமானது. தம்பியிடம் திறமையும் இருக்கிறது.

நீங்கள் போன பிறகு அவர் தன் போனில் செயலியைத் திறந்து காட்டினார். பார்க்க அழகாக, எழுத்துகள் தெளிவாக இருந்தன. இருப்புத் தொகை என்ற இடத்தில் 45,000 ரூபாய் என்று காட்டியது. “இந்த எண் எந்த வங்கியிலிருந்து வருகிறது?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, “இப்போதைக்கு நானே எழுதிவைத்தது சார்” என்றார். அவர் சிக்கி நிற்கும் இடம் அதுதான்.

எந்த வங்கியும் வாடிக்கையாளரின் கணக்கைத் தனி ஆளின் செயலிக்குத் திறந்துவிடாது. 2016இல் வந்த யுபிஐயை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அன்றாடம் பணம் அனுப்பும் தனியார் செயலிகள்கூட ஏதாவது ஒரு வங்கியின் தோளில் ஏறித்தான் அதற்குள் நுழைகின்றன; தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் ஒப்புதலும் வேண்டும். வாடிக்கையாளரின் சம்மதத்தோடு கணக்கு விவரங்களை வாங்கித் தரும் நிறுவனமாக வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கியின் உரிமமும் 2 கோடி ரூபாய் சொந்த நிதியும் தேவை. கடைகளுக்காகப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனமென்றால் விண்ணப்பிக்கும்போதே 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு காட்ட வேண்டும். ஆப்பிள், கூகுள் இரண்டுமே வங்கிச் சேவை தரும் செயலியைத் தனிநபர் பெயரில் வெளியிட விடுவதில்லை. தம்பி தன் செயலிக்கு வைத்திருக்கும் பெயரிலும் சிக்கல் உண்டு. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, வங்கி அல்லாத எவரும் தொழிலுக்கு வைக்கும் பெயரில் ‘பேங்க்’ என்ற சொல்லைச் சேர்க்கக் கூடாது. அதை இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இணையத்தில் சிலர் குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். பயனரிடமே இணைய வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, அவர் பெயரில் செயலியே உள்ளே நுழைவது அந்த வழி. தம்பி அதைத் தொடவே கூடாது. அடுத்தவர் கடவுச்சொல் ஒருமுறை நம் கைக்கு வந்துவிட்டால், அந்தக் கணக்கில் நேரும் ஒவ்வொரு திருட்டுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படியானால் இந்த மூன்று மாதம் வீணா என்று கேட்பீர்கள். வீணில்லை. நீங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர் என்றும், 15 பேரின் சந்தா, உள்கடன், வட்டி எல்லாவற்றையும் நீங்களே எழுதுகிறீர்கள் என்றும் சொன்னீர்களே, அந்தப் பேரேட்டைத் தம்பியிடம் கொடுங்கள். அதற்கு ஒரு செயலி எழுதட்டும். அது யாருடைய பணத்தையும் நகர்த்த வேண்டாம். கணக்கை மட்டும் எழுதிவைத்தால் போதும்.

இது சின்ன வேலை என்று அவர் நினைக்கலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டியாக வந்த 1,000 ரூபாயை 15 பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஆளுக்கு 66.67 என்றால் மொத்தத்தில் 5 பைசா கூடிவிடும். 66.66 என்றால் 10 பைசா மிஞ்சும். அந்த 10 பைசா எங்கே போகும், அதை யார் பெயரில் எழுதுவது? தம்பி தன் நிரலில் பணத்தைத் தசம எண்ணாக வைத்திருக்கிறார். கணினியின் வழக்கமான தசமக் கணக்கில் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் சரியாக 0.3 வராது, கடைசியில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் தொகையைப் பைசாவாக, முழு எண்ணாகவே வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

இன்னொன்றை அவர் உங்களிடமிருந்துதான் கற்க வேண்டும். பேரேட்டில் தவறு நேர்ந்தால் நீங்கள் ரப்பரால் அழிப்பதில்லை. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான தொகையை எழுதிக் கையெழுத்து வைக்கிறீர்கள். தம்பியின் செயலியிலோ ‘நீக்கு’ என்ற பொத்தான் இருக்கிறது. தொட்டால் வரவு சுவடே இல்லாமல் மறைந்துவிடுகிறது. வங்கி மென்பொருள் அப்படி நடந்துகொள்ளாது. எழுதியது எழுதியபடி இருக்கும், திருத்தம் தனிப் பதிவாக ஏறும். சிக்னல் இல்லாத இடத்தில் ஒருவர் பொறுமையிழந்து இரண்டு முறை பொத்தானை அழுத்தினாலும் சந்தா ஒருமுறைதான் ஏற வேண்டும். இவற்றைச் சொந்தக் கையால் சரிசெய்த பையனை நேர்காணலில் யாரும் எளிதில் ஒதுக்க மாட்டார்கள்.

கூகுள் பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குவோர், குறைந்தது 12 பேரிடம் தொடர்ந்து 14 நாள் செயலியைச் சோதிக்கக் கொடுத்த பிறகுதான் எல்லோருக்கும் வெளியிடலாம். பதிவுக் கட்டணம் ஒரே ஒருமுறை 25 டாலர். உங்கள் குழுவில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் 12 பேராவது தேறுவார்கள். அவர்கள் திட்டுவதையெல்லாம் தம்பி நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

இனி வேலை. கேம்பஸில் கிடைத்ததை ஏற்கச் சொல்கிறேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வங்கி மென்பொருள் பெரிய துறை. இன்ஃபோசிஸின் ஃபினக்கிள் போன்றவை நம் நாட்டில் எழுதப்பட்டு வெளிநாட்டு வங்கிகளிலும் ஓடுகின்றன. முதல் இரண்டு ஆண்டு எந்தப் பிரிவில் போட்டாலும் போகட்டும். சோதனைப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு கிடைத்தால் இன்னும் நல்லது. மாலையில் குழுச் செயலியைத் தொடரலாம். அரசு வங்கிக்குள்ளேயே போக ஆசையிருந்தால், வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் நடத்தும் சிறப்பு அதிகாரி தேர்வில் தகவல் தொழில்நுட்ப அதிகாரி பணி இருக்கிறது. கணினி அறிவியலில் நான்காண்டுப் பொறியியல் பட்டம் அதற்குப் போதும். வயது 20 முதல் 30 வரை.

ஒரு எச்சரிக்கையை அவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். நன்றாகச் செயலி எழுதும் பையன்களைத் தேடி டெலிகிராமில் ஆட்கள் வருகிறார்கள். குறிப்பிட்ட ஒரு வங்கியின் செயலியைப் போலவே அச்சு அசலாகச் செய்து கொடு, கை நிறையப் பணம் தருகிறோம் என்பார்கள். அது ஏமாற்றுவதற்கான போலி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் வாடகைக்குக் கொடு என்று கேட்பவர்களும் இதே கூட்டம்தான். யாராவது அப்படிக் கேட்டால், பேச்சை நிறுத்திவிட்டு 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கட்டும்.

வேலைக்கான ஒப்புதலைக் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடச் சொல்லுங்கள். வருகிற சனிக்கிழமை காலை இருவரும் வாருங்கள். பேரேட்டையும் எடுத்து வாருங்கள். அடித்துத் திருத்திய பக்கங்கள் உள்ளதாக இருந்தால் நல்லது. அந்த 10 பைசாவை எங்கே வைப்பது என்று தம்பி யோசித்துக்கொண்டு வரட்டும்.