சட்டை மாட்டும் கொக்கி

ஐயா, வணக்கம். கோவையில் இரும்புத் தகட்டை அழுத்தி உருவாக்கும் ஒரு பிரஸ் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மாதம் ஒருமுறை பாதுகாப்புப் பயிற்சி என்று ஏதாவது வீடியோ போடுவோம், பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். போன வாரம் யூடியூபில் ‘சிக்னல் 30’ என்ற பழைய அமெரிக்கப் படம் பார்த்தேன். ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. இதுதான் எங்கள் ஆட்களுக்கு உறைக்கும் என்று தோன்றுகிறது. போடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம்.

1959-ல் ஓஹையோவில் எடுத்த படம் அது. உயிர் போன விபத்துக்கு அந்த மாநில நெடுஞ்சாலைப் போலீஸ் வைத்திருந்த வயர்லெஸ் குறியீடுதான் தலைப்பு. நிஜ விபத்து, நிஜப் பிணம். கார் ஓட்டப் பழகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டினார்கள். ஆனால் கேமரா பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்கிறது. பார்க்கிற பையனுக்கு வயிற்றைப் புரட்டும், சரி. அப்புறம் ‘அவனுக்கு ஓட்டத் தெரியல’ என்று தேற்றிக்கொண்டு எழுந்து போய்விடுவான்.

பிரிட்டனில் 1977-ல் ஜான் மெக்கன்சி எடுத்த ‘அப்பாச்சீஸ்’ பாருங்கள். அரை மணி நேரம்கூட இல்லை. ஆறு பிள்ளைகள் ஒரு பண்ணையில் செவ்விந்தியர் விளையாட்டு விளையாடுகிறார்கள். ஒவ்வொருவராக ஐந்து பேர் சாகிறார்கள்: ஒன்று டிராக்டர் டிரெய்லரின் சக்கரத்தில், ஒன்று சாணக் குழியில். விஷத்தைக் குடித்த சிறுமியை நாம் பார்ப்பதுகூட இல்லை. ராத்திரி, வெளியிலிருந்து அவள் வீடு, உள்ளே அம்மாவைக் கூப்பிடும் அலறல், அவ்வளவுதான். பிள்ளை போன பிறகு பள்ளிக்கூடத்தில் அதன் சட்டை மாட்டும் கொக்கியிலிருந்து பெயர்ச்சீட்டை எடுத்துவிடுகிறார்கள். கதை சொல்லும் டேனி, வீட்டில் நடக்கப்போகும் விருந்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டே இருக்கிறான். அது அவனுடைய சாவு வீடு என்பது கடைசியில்தான் நமக்குத் தெரிகிறது. நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. பிணம் ஒன்றும் நினைவில் இல்லை, அந்தக் கொக்கி இருக்கிறது.

அது குழந்தைகளுக்கான படம். பட்டறைக்கு என்றால் 1980-ல் மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் கம்பெனிக்காக ஹெர்க் ஹார்வி எடுத்த ‘ஷேக் ஹேண்ட்ஸ் வித் டேஞ்சர்’ பொருந்தும். பின்னணியில் ஒரு நாட்டுப்புறப் பாட்டு ஓடுகிறது, கேட்டால் சிரிப்பு வரும். அடிபடுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை, வேலை தெரிந்தவர்கள். ஒரு நிமிஷம் மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள். அந்த ஒரு நிமிஷத்தைப் படம் காட்டுகிறது.

உங்கள் பட்டறையிலும் அப்படி ஒன்று இருக்கும். கை உள்ளே சிக்காமல் இருக்க, இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும் என்று வைத்திருப்பார்கள். ஒரு பட்டனை எதையாவது வைத்து அழுத்திக் கட்டிவிட்டு, ஒரு கையாலேயே வேலை பார்க்கிற ஆள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. உங்களிடமும் போன் இருக்கிறதே, அதில் இதைப் படம் எடுங்கள். அவர் முகம் வேண்டாம், அந்தக் கட்டும் காலியாக இருக்கிற கையும் போதும். கூடவே, அன்றைக்கு எத்தனை பீஸ் கேட்டு அவரை நெருக்கினீர்கள் என்பதையும் நீங்களே கேமரா முன்னால் நின்று சொல்லுங்கள். அப்போது யாரும் தூங்க மாட்டார்கள்.