வாளியோடு நின்ற படம்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பழைய இரும்புக் கடையில் 16 மி.மீ. சினிமா புரொஜெக்டரின் லென்ஸ் ஒன்று கிடைத்தது. 50 மி.மீ., 1.6 என்று பொறித்திருக்கிறது. எடுத்தவுடன் அட்டையில் படம் தரும் என் இன்ஸ்டாக்ஸ் மினி 9 கேமராவின் லென்ஸ் உடைந்துவிட்டதால் அதே இடத்தில் இதைக் கறுப்பு டேப்பால் ஒட்டினேன். ஷட்டரைத் தொடவில்லை. படம் நடுவில் வட்டமாக மட்டும் விழுகிறது. பாதி நேரம் வெறும் வெள்ளைதான். பாட்டி இருந்த லயத்தை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, இடிக்கப்போகிறார்கள். அதற்குள் அங்கே மிச்சமிருக்கும் ஆட்களை எடுத்துவிட ஆசை. முகங்கள் தெளிவாக வரவில்லை. ஆனாலும் அந்தக் கனவு மாதிரியான மங்கல் பிடித்திருக்கிறது. லென்ஸைத் திருகி முன்னே நகர்த்தும் ஹெலிகாய்டு வளையம் வாங்கினால் சரியாகுமா?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். பிளாஷ் உள்ள கேமராவைத் திறந்திருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் உடனே போகாது. தெரிந்த ரிப்பேர்காரர் யாராவது பக்கத்தில் இல்லாமல் இன்னொரு முறை திறக்காதீர்கள்.

வெள்ளையாக வருவதற்குக் காரணம் எளிது. உங்கள் கேமராவின் ஷட்டர் எப்போதும் நொடியில் 60இல் ஒரு பங்குதான் திறக்கும். அதன் சொந்த லென்ஸ் எஃப் 12.7; இந்த எண் சிறிதாக ஆக லென்ஸின் வாய் பெரிதாகும். நீங்கள் ஒட்டியது 1.6. அறுபது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே கொட்டுகிறது, பிலிமோ ஐஎஸ்ஓ 800, கொஞ்ச வெளிச்சமே அதற்குப் போதும். கறுப்பு அட்டையில் நிழலுக்கு 4 மி.மீ., வெயிலுக்கு ஒன்றரை மி.மீ. ஓட்டை போட்டு வையுங்கள். வெள்ளை போய்விடும். நீங்கள் ஆசைப்படும் கனவும் அதோடு போய்விடும், அதையும் சொல்லிவிடுகிறேன். புரொஜெக்டர் லென்ஸ்களில் பல, 1840இல் பெட்ஸ்வால் என்ற கணித அறிஞர் வகுத்த லென்ஸ் அமைப்பின் வழி வந்தவை: நடு கூர்மை, ஓரம் சுழல். ஓட்டையைச் சிறிதாக்கினால் சுழல் அடங்கிவிடும்.

போகட்டும் அந்தச் சுழல். நான் இதை எழுத உட்கார்ந்ததே உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்காகத்தான். முகம் தெரியவில்லை, ஆனால் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். யாருக்குப் பிடித்திருக்கிறது? அந்த முகத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டீர்களா?

1970களின் நடுவில் எனக்கு எட்டு வயது இருக்கும். துரை பங்களாவுக்கு வந்த விருந்தாளி ஒருவர் ரப்பர் பால் நிறுக்கும் நேரத்தில் ஸ்டோர் பக்கம் வந்தார். கையில் மடக்கி விரிக்கிற போலராய்டு. அம்மா தலையில் துண்டோடு, கையில் வாளியோடு வரிசையில் நின்றிருந்தார். விருந்தாளி சைகை காட்டினார், அம்மா நிமிர்ந்தார். கேமரா உறுமிக்கொண்டு ஒரு அட்டையைத் துப்பியது. நாங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். வெளிறிய பச்சைக்குள்ளிருந்து முதலில் வாளி வந்தது, பிறகு துண்டு, பிறகு அம்மா. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கையை நீட்டினார். அந்த மனிதர் தலையாட்டிப் புன்னகைத்து, படத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

'காட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போயிட்டான்டா.' சாகும்வரை அம்மா இதைச் சொன்னார். கோபமாகக்கூட இல்லை, சந்தை விலை சொல்கிற மாதிரி.

இந்தப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி. அது இப்போது எந்தக் குளிர் நாட்டில் எந்த ஆல்பத்தில் இருக்கிறதோ, இருந்தாலும் கீழே என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் பெயர் நிச்சயம் இருக்காது.

சுங்கை சிப்புட்காரியான உங்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை, 1948 ஜூனில் மூன்று தோட்டத் துரைமார் அங்கே சுடப்பட்டதும், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசின் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படம் ஒட்டிய, பெருவிரல் ரேகை வைத்த அடையாள அட்டை. என் தாத்தாவின் முதல் படம் அப்படி எடுத்ததுதான். அதே வருஷம் நவம்பரில் போஸ்டனில் முதல் போலராய்டு கேமரா விற்பனைக்கு வந்தது. அங்கே தன் முகத்தை ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சிரிப்பதற்குப் படம். இங்கே ராணுவ லாரியைக் குறுக்கே நிறுத்தி வழிமறிக்கும் சிப்பாய் சரிபார்ப்பதற்குப் படம். அம்மா கடைசிவரை சிவப்பு ஐசிக்காரர், குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை அது. அவர் போனபோது வீட்டில் வேறு படம் இல்லை. அந்த ஐசி படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். படத்தில் அம்மா முறைத்துக்கொண்டிருப்பார். ஐசிக்கு யார் சிரிப்பார்கள்?

இப்போது நீங்கள் வந்து அந்த லயத்துக் கிழவிகளை மங்கலாக எடுக்கிறேன் என்கிறீர்கள். கலை என்பீர்கள். இருக்கட்டும், நானும் கலையை வைத்துப் பிழைக்கிறவன்தான். ஆனால் பாக்கெட்டில் பத்து பிலிம் இருக்கிறது. முதல் படம் முகம் தெரிய, அவர்கள் கேட்கிறபடி. கீழே உள்ள வெள்ளைப் பட்டையில் மார்க்கர் பேனாவால் பெயரையும் தேதியையும் எழுதி அவர்கள் கையிலேயே கொடுங்கள். போனில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். செம்பனைக் கன்று, இடிந்த திண்ணை, மாரியம்மன் கோயில் மணி, இதையெல்லாம் மிச்ச பிலிமில் எப்படி வேண்டுமானாலும் மங்கலாக்கிக்கொள்ளுங்கள்.

ஹெலிகாய்டு கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். வேண்டாம். அது லென்ஸை வெளியேதான் தள்ளும். உங்கள் 50 மி.மீ. லென்ஸ் உள்ளே போக வேண்டும். மினியின் சொந்த லென்ஸ் 60 மி.மீ.; அந்த இடத்தில் இதை வைத்தால் 30 செ.மீ.க்கு அப்பால் எதுவும் கூர்மையாக விழாது. வட்டத்துக்கும் மருந்து இல்லை. அது பிலிமில் பத்து மி.மீ. அகலமே உள்ள படத்துக்காகச் செய்த கண்ணாடி, 62க்கு 46 மி.மீ. படத்தை எப்படி நிரப்பும்?

பட்டணத்தில் மூடிக்கிடக்கும் போட்டோ ஸ்டூடியோக்களில் விசாரியுங்கள். நெகட்டிவைப் பெரிதாக்கிப் படம் போடும் என்லார்ஜரின் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் கிடைத்தால் இன்ஸ்டாக்ஸ் பிலிமை ஏறக்குறைய மூடிவிடும். வெளியே தள்ளி நிற்கும் என்பதால், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளே போதும். வெளிச்சத்தைக் குறைக்கும் வளையமும் அதிலேயே இருக்கும், நிழலில் எடுக்க அட்டையில் ஓட்டை போட வேண்டாம். அம்மாவின் ஐசி படத்தைப் பெரிதாக்கியது அப்படி ஒரு லென்ஸ்தான்.