கார் கேள்வி பதில்: ஜென்னுக்குள் எஸ்டீம் இன்ஜின்

கேள்வி: என்னிடம் 1998 மாடல் மாருதி ஜென் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, அப்பா வாங்கியது, விற்க மனசில்லை. 1,60,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது இரண்டாவது கியரிலேயே திணறுகிறது, பின்னால் நீலப் புகை வருகிறது. மாருதியின் பெரிய காரான எஸ்டீமின் இன்ஜினைத் தூக்கி உள்ளே வைத்தால் வண்டி பறக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பழைய இன்ஜின் ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கிப் போட்டுவிடலாமா, எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பறக்கும். நண்பர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள், இதைப் படித்து முடிக்கும் வரையாவது.

ஏன் பறக்கும் என்றால், இரண்டும் சுஸுகியின் ஒரே குடும்பத்து இன்ஜின்கள். உங்கள் ஜென்னில் இருப்பது ஜி10பி, 993 சி.சி., சுமார் 50 குதிரைத்திறன். எஸ்டீமில் இருப்பது ஜி13பி, 1298 சி.சி.; கார்புரேட்டர் மாடல் 65, பின்னால் வந்த 16 வால்வ் எம்.பி.எஃப்.ஐ. மாடல் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்தது) 85. முக்கால் டன்னை ஒட்டிய எடையுள்ள வண்டியில் 85 குதிரை என்றால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ரேலி ஓட்டிய பையன்கள் பலர் இந்த வேலையைப் பண்ணியிருக்கிறார்கள், ஆகவே இது புதுசும் இல்லை.

சரி, ஆனால் நீங்கள் வால்பாறைக்குப் போவது ரேலி ஓட்ட இல்லையே. ரோட்டில் ஓடுகிற வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஆர்.சி.யில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதையே அழுத்திச் சொல்லிவிட்டது. 993 என்று ஆர்.சி.யில் இருக்க, உள்ளே 1298 உட்கார்ந்திருந்தால் அது மாற்றம்தான், அதில் வாதாட ஒன்றுமில்லை. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைக்கூட விடுங்கள், நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது இன்ஜின் நம்பரைத்தான். உங்கள் வண்டி 15 வருடம் தாண்டியது, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி.க்கு (தகுதிச் சோதனைக்கு) போய் ஆர்.சி.யைப் புதுப்பித்தாக வேண்டும், அங்கேயும் பார்ப்பார்கள். 'நம்பரைத் தேய்த்துப் பழைய நம்பரை அடித்துக் கொடுக்கிறேன்' என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறைக்கு மறுபடி போகாதீர்கள், அது நேரே கிரிமினல் கேஸ்.

அதே ஜி10பி இன்ஜினை, அதாவது இன்னொரு ஜென்னின் இன்ஜினை, போடுவது வேறு விஷயம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலில் அனுமதி வாங்கி, மாற்றி, 14 நாளுக்குள் புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ரசீதும் ஆர்.சி. நகலும் வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையோ கோவை உக்கடமோ, எந்தப் பழைய பார்ட்ஸ் கடையில் வாங்கினாலும் காகிதம் இல்லாத இன்ஜின் வெறும் இரும்பு என்றே நினைத்துக்கொள்ளுங்கள், திருட்டு வண்டியுடையதாக இருந்தால் இன்னும் மோசம்.

இப்போது உங்கள் நீலப் புகைக்கு வருவோம், ஏனென்றால் எனக்கென்னவோ உங்களுக்கு இன்ஜின் மாற்றமே தேவைப்படாது என்றுதான் தோன்றுகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் வந்து, மறுபடி மிதிக்கும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்தால் வால்வ் சீல் போயிருக்கும், அது சின்ன வேலை. ஏற்றத்தில் மிதித்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க வந்தால் பிஸ்டன் ரிங். ஊகத்தை விட்டுவிட்டு கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் மீட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் (சதுர சென்டிமீட்டருக்கு) 12-லிருந்து 14 கிலோ வரை காட்ட வேண்டும், ஒன்றுக்கொன்று ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வ். அரை மணி நேர வேலை. இதைப் பார்க்காமலே 'இன்ஜின் போச்சு சார்' என்று சொல்கிற மெக்கானிக்கிடம் இன்ஜினைக் கொடுக்கவே கூடாது.

திணறுவதற்குக் காரணம் இன்ஜினாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கிளட்ச் பிளேட் வழுக்கினால் ஆர்.பி.எம். ஏறும், வண்டி ஏறாது. பின் டிரம் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தாலும் இதே கதைதான். 25 வருடத்துக் கார்புரேட்டரில் காற்றுக் கதவைத் திருப்பும் திராட்டில் தண்டு ஆடி ஆடி ஓட்டையே நீள்வட்டமாகியிருக்கும், அதன் வழியாகக் காற்று இழுக்கும். அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவையும் புது ஜென்கள் ஒரு காலத்தில் நாலு பேரோடு ஏறியவைதான்.

ரிங் போயிருந்தால் இன்ஜினை இறக்கி வேலை செய்துவிடுங்கள். பிளாக் அலுமினியம், உள்ளே இரும்பு லைனர். லேத்தில் கேஜ் வைத்து அளந்து, தேவைப்பட்டால் 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ரீபோர் செய்யலாம், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கலாம். அளக்காமல் 'எதற்கும் போர் போட்டுவிடலாம்' என்பவர்களை நம்பாதீர்கள். இன்ஜின் கீழே இருக்கும்போதே கிளட்ச் செட், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், இன்ஜினைத் தாங்கும் மூன்று மவுண்ட், எல்லா ரப்பர் ஹோஸ், அத்தனையையும் மாற்றிவிடுங்கள். இதில் காசு மிச்சம் பிடித்தவர்கள் ஆறு மாதத்தில் மறுபடி இன்ஜினை இறக்கி, கூலியை இரண்டு முறை கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஆயிரம் கிலோமீட்டர் மிதிக்காமல் ஓட்டுங்கள், அது முடிந்ததும் ஆயிலை மாற்றுங்கள். பழைய நம்பர், பழைய ஆர்.சி., அப்பா வாங்கிய அதே வண்டி.

இல்லை, எனக்கு எஸ்டீம் இன்ஜின்தான் வேண்டும், வண்டியை ரோட்டிலிருந்து எடுத்துவிட்டு கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ டிராக்கில் மட்டும் ஓட்டிக்கொள்கிறேன் என்றால், கேளுங்கள், அதுவும் சொல்கிறேன். டிராக் வரை லாரியில்தான் கொண்டுபோக வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள், முழு எஸ்டீமை வாங்குங்கள். மோதிய வண்டி, பின்பக்கம் நசுங்கியது, ஆனால் ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது, அந்த மாதிரி. ஏனென்றால் இன்ஜின் விலை மொத்தச் செலவில் பாதியைக்கூடத் தொடாது. எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் என்றால் அதன் ஈ.சி.எம். (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), வயரிங் முழுசு, சென்சார்கள், ஆக்ஸிஜன் சென்சாரோடு சைலன்ஸர் முன் பைப், ரேடியேட்டர், கியர்பாக்ஸ் எல்லாம் வேண்டும். இம்மொபைலைசர் உள்ள வண்டியாக இருந்தால் சாவியும் அதே ஜோடியாக வர வேண்டும், இல்லாவிட்டால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. இதையெல்லாம் தனித்தனியாகக் கடை கடையாகப் பொறுக்கினால் ஒரு வருடம் ஓடிவிடும், ஒரு கனெக்டர் மட்டும் கடைசி வரை கிடைக்காது. முழு வண்டியைப் பிரித்த பிறகு மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுக் கொஞ்சம் திரும்ப எடுக்கலாம்.

நானும் ஒரு முறை இன்ஜினை மட்டும் வாங்கி ஏமாந்தவன்தான். கடையில் தரையில் வைத்து, பேட்டரி மாட்டி, ஓட்டியே காட்டினார்கள், சத்தம் தையல் மெஷின் மாதிரி இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே டீக்கடைப் பாலாடை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் ஆயிலில் கலந்து ஹெட்டே வளைந்துபோயிருந்தது. மூடியைத் திறந்து பார்க்க எனக்குக் கடையிலேயே இரண்டு கை இருந்தது, பார்க்கவில்லை.

உயரம் இன்னொரு விஷயம். ஜி10பி-யின் போர் (சிலிண்டர் விட்டம்) 72 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 61 மி.மீ. ஜி13பி-யில் 74, 75.5. அதாவது கூடுதல் சி.சி. பெரும்பாலும் நீளமான ஸ்ட்ரோக்கிலிருந்து வருகிறது, பிளாக்கும் அதற்குத் தகுந்த உயரம். மவுண்டில் உட்கார்ந்துவிட்டது என்று குதிக்காமல், இன்ஜின் மேல் நாலைந்து இடத்தில் சப்பாத்தி மாவை உருண்டை பிடித்து வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் எங்கே எத்தனை மில்லிமீட்டர் இடம் என்று தெரிந்துவிடும். இன்ஜின் ஓடும்போது மவுண்டில் ஆடும், ஆகவே ஒரு விரல் தடிமனாவது வேண்டும். (வீட்டில் கேட்காமல் மாவை எடுக்காதீர்கள்.)

பெட்ரோல் பக்கம்: உங்கள் வண்டியில் இன்ஜினில் மாட்டிய மெக்கானிக்கல் பம்ப், அது தரும் அழுத்தம் கார்புரேட்டருக்கு மட்டும்தான் போதும். இன்ஜெக்டருக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. ஜென்னின் டேங்கை உள்ளே பம்போடு வாங்கிப் போடுவதுதான் சுத்தமான வழி, பழைய ரப்பர் டியூபைப் புது அழுத்தத்துக்கு விடாதீர்கள், தீப்பிடிக்கிற வேலை அது. கியர்பாக்ஸை இன்ஜினோடு வந்ததையே போடுங்கள், டிரைவ் ஷாஃப்ட் நீளத்தையும் அதன் முனையில் இருக்கும் பல்லையும் இரண்டு வண்டியிலும் அளந்த பிறகு.

இதற்கெல்லாம் முன்னால், எஸ்டீமின் முன் பிரேக், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர். முதல் நாளே இதைக் கழற்றி ஜென்னில் பொருத்தப் பாருங்கள், பொருந்தாவிட்டால் இன்ஜினில் கையே வைக்காதீர்கள். 50 குதிரையை நிறுத்தப் போட்ட பிரேக்கில் 85-ஐ ஓட்டுவது டிராக்கில்கூட வேண்டாம்.

கேள்வி: மாருதி 800, பழைய நாலு கியர் கார்புரேட்டர் வண்டி. பின்னால் வந்த ஐந்து கியர் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினைப் போட்டால் மைலேஜ் கூடுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டுமே 796 சி.சி., அதனால் மேலே சொன்ன அளவுக்குச் சிக்கல் தெரியாது என்று நினைப்பீர்கள். ஆனால் அது 12 வால்வ், உங்களுடையது 6 வால்வ், ஒரே வகை இன்ஜின் என்று ஆர்.டி.ஓ. ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன், முதலில் எழுதிக் கேளுங்கள். மைலேஜுக்காக என்றால் கணக்கு உதைக்கிறது. மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், லிட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடினால் செலவை எடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கார்புரேட்டர் டியூனிங், டைமிங், டயரில் காற்று, இவற்றைச் சரியாக வையுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: என் 660 சி.சி. பெரோடுவா கஞ்சில் காரில் இன்ஜின் மாற்ற ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப் கட்' வாங்கலாமா? இங்கே எல்லாரும் டர்போ போடச் சொல்கிறார்கள்.
– வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: உங்கள் ஊரில் வழி இருக்கிறது, அதுவே பொறாமையாக இருக்கிறது. கஞ்சில் அடிப்படையில் டைஹட்சு மிராதான், ஆகவே பாதியாக வெட்டி வரும் மிரா முன்பாகத்தில் இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், பெடல் வரை ஒரே இடத்தில் கிடைக்கும். நான் ஜென்காரருக்குச் சொன்ன 'முழு வண்டி வாங்கு' என்பதன் சிக்கன வடிவம்தான் அது. ஜே.பி.ஜே. (உங்கள் ஊர் ஆர்.டி.ஓ.) அனுமதியும் பரிசோதனையும் முடிந்து கிராண்டில், அதாவது உங்கள் ஊர் ஆர்.சி.யில், புது இன்ஜின் நம்பர் ஏறிய பிறகே ரோட்டுக்கு எடுங்கள், ஹாஃப் கட் விற்றவரிடம் இறக்குமதிக் காகிதத்தை அன்றே கேட்டு வாங்குங்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் போனை எடுக்க மாட்டார்கள். டர்போ பற்றி: அதே ஹாஃப் கட்டில் முன் பிரேக்கும் வருகிறதல்லவா, அதையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் டர்போ இல்லாத 850 சி.சி. இன்ஜின் போதும்.