புகையைப் பிடித்து எரிபொருள் ஆக்கலாமா?

கேள்வி: ஆலைப் புகையில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்து எரிபொருள் செய்யலாம் என்கிறார்கள். உண்மை என்றால் ஏன் எல்லா ஆலைகளும் அதைச் செய்யவில்லை? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: உண்மைதான். ஐஸ்லாந்தில் ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையத்தின் பக்கத்திலேயே, அங்கு வெளியாகும் கரியமில வாயுவைக் கொண்டு மெத்தனால் என்னும் திரவ எரிபொருள் செய்யும் ஆலை 2012-இல் திறக்கப்பட்டது. பின்னர் விரிவாக்கியபோது அதன் திறன் ஆண்டுக்கு 4,000 டன் ஆனது. வேதியியலில் நோபல் பெற்ற ஜார்ஜ் ஓலாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். இது ஆய்வகத்து வேடிக்கை அல்ல, நடந்து காட்டிய விஷயம்.

சிக்கல் வாயுவைப் பிடிப்பதோடு முடிவதில்லை. கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதில் இருந்த ஆற்றல் எல்லாம் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. மறுபடி எரியவைக்க வேண்டுமென்றால் அதற்கு ஹைட்ரஜன் வேண்டும். ஒரு டன் மெத்தனாலுக்கு ஏறத்தாழ 1.4 டன் கரியமில வாயுவும் 190 கிலோ ஹைட்ரஜனும் தேவை. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 50 யூனிட் மின்சாரம் ஆகும். பெருக்கிப் பாருங்கள்: ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 9,500 யூனிட். அந்த மெத்தனாலை எரித்தால் கிடைக்கும் வெப்பமோ 5,500 யூனிட் அளவுதான்.

இப்போது அந்த மின்சாரம் நிலக்கரியில் இருந்து வருகிறது என்று வையுங்கள். யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு. 1.4 டன்னைப் பயன்படுத்த 9 டன்னுக்கு மேல் வானத்தில் விடுவீர்கள்! ஐஸ்லாந்தில் இது பொருந்தியதற்குக் காரணம், அங்கே மின்சாரம் பூமியின் சூட்டிலும் நீரோட்டத்திலும் கிடைக்கிறது. ஆகவே இப்படி ஓர் ஆலை வருகிறது என்று கேள்விப்பட்டால் ஹைட்ரஜன் எங்கிருந்து என்று முதலில் கேளுங்கள். நல்ல மின்சாரம் இருக்கும் இடத்திலும் அதைக் காரில் ஊற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதே மின்சாரத்தை நேரே பேட்டரியில் ஏற்றினால் பல மடங்கு தூரம் ஓடலாம். பேட்டரியால் ஆகாத நெடுந்தூரக் கப்பலுக்கும் விமானத்துக்கும்தான் இந்த எரிபொருளை ஒதுக்கவேண்டும்.

கேள்வி: இந்த வாயுவை இன்று பெரிய அளவில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?

பதில்: யூரியாவுக்கு. நான் வேலை பார்த்த பிரிவே அதுதான். கரியமில வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் ஓடும்போது காலடியில் தளம் அதிரும்; பக்கத்தில் நிற்பவரிடம் கையால்தான் பேசமுடியும். காற்றழுத்தத்தைப் போல் 140 மடங்குக்கும் மேல் அழுத்தி, 180 டிகிரியைத் தாண்டிய சூட்டில் அம்மோனியாவோடு சேர்த்தால் முதலில் கார்பமேட் என்ற இடைப்பொருள், அப்புறம் நீர் பிரிந்து யூரியா. ஒரு டன் யூரியாவுக்கு முக்கால் டன் வாயு உள்ளே போகும்.

ஆனால் அது அங்கேயே தங்குவதில்லை. வயலில் போட்ட யூரியாவை மண்ணில் உள்ள யூரியேஸ் நொதி சில நாட்களிலேயே உடைத்துவிடும். வாயு திரும்பக் காற்றுக்கு வந்துவிடும். போதாததற்கு, அந்த வாயு பெரும்பாலும் அம்மோனியா தயாரிக்க எரிவாயுவைப் பயன்படுத்தும்போது வந்ததுதான். உணவுக்கு யூரியா வேண்டும், சரி. அதைக் கார்பன் சேமிப்புக் கணக்கில் எழுதக்கூடாது.

கேள்வி: அப்படியானால் நிரந்தரமாகத் தங்கும் பொருளே கிடையாதா?

பதில்: உண்டு. கான்கிரீட் கலவையில் இந்த வாயுவைச் செலுத்தினால் சிமென்டில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிவிடும், அதாவது சுண்ணாம்புக்கல். கட்டடத்தை இடித்தாலும் அது வாயுவாகத் திரும்பாது. கலவையில் நேரடியாக ஏறுவது சொற்பம்தான். கான்கிரீட்டுக்குக் கூடும் வலுவால் சிமென்டைக் கொஞ்சம் குறைத்துப் போடலாம் என்பதுதான் பெரிய லாபம், ஏனென்றால் சிமென்ட் சூளையே கரியமில வாயுவைக் கக்கும் பெரிய இடங்களில் ஒன்று.