இன்பமும் வாழ்வின் அர்த்தமும் எல்லாப் பண்பாடுகளிலும் ஒரே வகையில்தான் தொடர்புபடுகின்றனவா?

இல்லை என்பதே என் பதில். இன்பம் ஒருபுறம், அர்த்தம் மறுபுறம் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் எல்லா மண்ணுக்கும் பொதுவானதன்று.

அந்தப் பிரிவைத் தெளிவாகக் காட்டியது, உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழுவினர் அமெரிக்கர் 397 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு. பெறுபவராக இருப்பது மகிழ்ச்சியோடும், கொடுப்பவராக இருப்பது அர்த்தத்தோடும் சேர்ந்திருந்ததாகவும், மகிழ்ச்சியைக் குறைக்கும் கவலையும் மன அழுத்தமும் அர்த்தமுள்ள வாழ்வோடு இணைந்தே காணப்பட்டதாகவும் அது கூறியது. மறு ஆண்டில் உளவியலாளர்களான ஷிகேஹிரோ ஓய்ஷியும் எட் டீனரும் 132 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டபோது, வாழ்க்கைத் திருப்தி செல்வ நாடுகளில் மிகுந்திருக்க, வாழ்வுக்கு ஒரு நோக்கம் உண்டென்ற உணர்வு ஏழை நாடுகளில் மிகுந்திருந்தது. சமயப்பற்று அதற்கு முக்கியக் காரணமாகத் தோன்றியது.

தமிழ் மரபு இந்த இரண்டையும் வேறு வகையில் பிணைக்கிறது. "ஈத்துவக்கும் இன்பம் அறியார்கொல்" என்று கேட்கும் வள்ளுவர், கொடுப்பதை இன்பத்தின் கணக்கிலேயே எழுதுகிறார். அமெரிக்க ஆய்வில் தனித்தனியே நின்ற இரண்டும் அந்த ஓரடியில் ஒன்றாகிவிடுகின்றன. புறநானூற்றின் 182ஆம் பாடல், இந்திரர்க்குரிய அமிழ்தமே கிடைத்தாலும் இனிதென்று தனியே உண்ணாதவர்கள் இருப்பதால்தான் உலகம் நிலைக்கிறது என்கிறது. அமிழ்தின் இனிமையை அப்பாடல் சற்றும் பழிக்கவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். குறளும் துறவில் முடியாமல், 1330ஆம் பாவில் ஊடல் தீர்ந்த காதலரின் தழுவலில்தான் முடிகிறது. (இளமையும் செல்வமும் நிலையாதவை என எச்சரிக்கும் நாலடியாரும் தமிழே என்பதால், இதுவே நம் ஒரே குரல் என்று சொல்லிவிட முடியாது.)

என் பெரியம்மா தீபாவளிக்கு முன்னிரவில் அதிரசம் சுட்டு, எண்ணெய் வடித்து, சூடு ஆறுமுன்னே தெருவில் உள்ள வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்புவார். அப்போது அவர் முகத்தில் தெரிந்தது வள்ளுவர் சொன்ன இன்பமே என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் மற்ற நாள்களில் எல்லோரும் உண்டெழுந்தபின் ஆறிய சோற்றை அவர் உண்டதிலும் அதே இன்பம் இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுப்பதை ஒருவர்மீது சுமத்திவிட்டு, அதுவே அவர் வாழ்வின் அர்த்தம் என்று புகழ்கிற வழக்கமும் நம்மிடம் உண்டு. அங்கே அமெரிக்க ஆய்வாளரின் பிரிவு நமக்குத் தேவைப்படுகிறது: அர்த்தம் நிறைந்த வாழ்வு என்று ஊரார் போற்றும் ஒரு பெண்ணிடம், இதில் உங்களுக்கு மகிழ்ச்சி உண்டா என்று தனியாகக் கேட்க அது இடம் தருகிறது.