காலையில் 'டி' போட்டால் வண்டி தாமதமாக நகர்கிறது: கியர்பாக்ஸ் போய்விட்டதா?

உங்கள் ஆட்டோமேட்டிக் வண்டியில் காலையில் 'டி' (முன்னோக்கி ஓட்டும் கியர்) போட்டால் 3 விநாடி கழித்துத்தான் 'டக்'கென்று இழுக்கிறது, சூடானபின் சரியாகிவிடுகிறது, பட்டறையில் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள்.

முதலில் கியர்பாக்ஸ் ஆயில். அளவு குறைந்தாலே இப்படி வரும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்சை அழுத்தும் ஆயில் பிரஷர் ஏற நேரம் பிடிக்கும். சமதளத்தில் நிறுத்தி, வண்டியின் கையேட்டில் உள்ள முறைப்படியே (பெரும்பாலும் சூடான எஞ்சின் ஓடும்போது) கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். தெளிந்த சிவப்பு என்றால் நிம்மதி. கறுத்துப்போய்க் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் பிளேட்டுகள் எரிய ஆரம்பித்திருக்கலாம். பால் கலந்தது போல் வெளிறியிருந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கக்கூடும். அப்புறம் வண்டியை எடுக்கவே வேண்டாம். டிப்ஸ்டிக் இல்லாத மாடல் என்றால் லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஆயில் சரி என்றால் என் சந்தேகம் உள்ளே இறுகிப்போன ரப்பர் சீல்கள் மேல்தான். குளிரில் பிரஷரைக் கசியவிடும், சூட்டில் இளகிப் பிடித்துக்கொள்ளும்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரும் போடச் சொல்லுங்கள். பி0700 என்ற கோட் மட்டும் காட்டினால் அதோடு நிறுத்தாதீர்கள். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் வேறு கோட் பதிவாகியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தக் கோட் எண்ணையும் ஆயில் நிறத்தையும் இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.