'தி டோல் கேட்' பார்த்தாயிற்று, அடுத்து என்ன?

கேள்வி: 1920இல் வந்த 'தி டோல் கேட்' என்ற மௌனப் படத்தை யூடியூபில் பார்த்தேன். இயக்கம் லாம்பர்ட் ஹில்யர். தேடினால் 1943 'பேட்மேன்' தொடரும் அவர் பெயரில் வருகிறது. ஒரே ஆள்தானா? அடுத்து எதைப் பார்க்கலாம்? படத்தில் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத் திரிகிறார்களே, ஏன்?

பதில்: ஒரே ஆள்தான். கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அன்றைய கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16 முதல் 20 பிரேம் வரை எடுத்ததை 24இல் ஓட்டினால் அப்படித்தான் இருக்கும். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்குங்கள், கணக்குப்படி 18 பிரேம். பின்னணி இசை இழுவையாகிவிடும், சத்தத்தை அணைத்துவிடலாம். நிதானமாக நகர்கிற பிரதிக்கு இந்த வேலை வேண்டாம்.

சரி, ஹில்யர். நடிகர் வில்லியம் எஸ். ஹார்ட் சொந்தக் கம்பெனி தொடங்கி முதலில் எடுத்த படம் நீங்கள் பார்த்தது. கதையில் ஹார்ட்டுக்கும் பங்குண்டு. இவர்கள் படங்களில் கௌபாய் பளபளவென்று இருக்க மாட்டான். தெருவில் புழுதி பறக்கும், நாயகனே கொள்ளைக்காரனாக இருப்பான். தப்பி ஓடுகிறவன் தண்ணீரில் தத்தளிக்கும் குழந்தைக்காகத் திரும்பும் இடத்தை இன்னொரு முறை பாருங்கள். பெரும்பாலும் கேமரா ஜோசப் ஆகஸ்ட். இதில் எது ஹார்ட், எது ஹில்யர் என்று பிரிப்பது கஷ்டம். செட்டில் ஹார்ட் வைத்ததுதான் சட்டம்.

அதனால் அடுத்து ஹார்ட் மூன்று வேடத்தில் வரும் 'த்ரீ வேர்ட் பிராண்ட்' (1921). அப்புறம் ஹார்ட் இல்லாத 'தி ஷாக்' (1923). வெஸ்டர்ன் (கௌபாய் படம்) இல்லைதான், ஆனால் லான் சேனி நடித்து, சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் முடிகிற இந்தப் படத்தில் ஹில்யரின் கை தனியாகத் தெரியும். அதே ஆண்டு டாம் மிக்ஸை வைத்து 'தி லோன் ஸ்டார் ரேஞ்சர்' எடுத்தார்.

பேசும் படம் வந்தபின் பக் ஜோன்ஸ், ஜானி மேக் பிரவுன் நடித்த மலிவு பட்ஜெட் வெஸ்டர்ன்கள் வரிசையாக வந்தன. அவற்றில் நாலைந்து போதும். 1936இல் வந்த திகில் படம் 'டிராகுலாஸ் டாட்டர்' ஒரு விதிவிலக்கு, தவறவிடாதீர்கள். 15 பாகப் 'பேட்மேன்' அவசரச் சமையல். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.